கராஜ் கதவும் இரண்டு கம்பிகளும்

நம் சங்கத்தில் அறுபதைத் தாண்டிய பலருக்கு அமெரிக்காவில் ஒரு மகனோ மகளோ இருக்கிறார்கள். ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறோம். புறப்படுவதற்கு முன் ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. எந்த மருந்தை எத்தனை மாதத்துக்கு வாங்கிக்கொள்ள வேண்டும், ஊறுகாயை எப்படிக் கட்ட வேண்டும், விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்கலாமா கூடாதா என்று எல்லாவற்றையும் சொல்லி அனுப்புவார்கள். ஆனால் அங்கே நம் பிள்ளைகள் வீட்டில் அசைகிற பொருட்களிலேயே மிகப் பெரியது எது, அதனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அது கராஜ் கதவு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் மத்திய ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிப்ளமா படிப்போடு சேர்ந்து, புசாவல், இட்டார்சி, நாக்பூர் என்று மாறி மாறி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ரிலேக்களோடும் கேபிள்களோடும் குடித்தனம் நடத்தினேன். ஓஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகருக்குப் பக்கத்தில் என் மகள் வீடு. போன குளிர்காலம் நானும் மனைவியும் அங்கே இருந்தோம். அப்போது கராஜ் கதவின் சுவர் சுவிட்சு வேலை செய்யாமல் போனது. அதைச் சரிசெய்யப் போன இடத்தில் வேறொன்றும் கண்ணில் பட்டது. இரண்டையும் சொல்கிறேன்.

கதவு எப்படி வேலை செய்கிறது?

பார்க்காதவர்களுக்காக முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கராஜ் என்பது வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகை. அதன் கதவு நம் கடை ஷட்டர் போலச் சுருளாது. நான்கைந்து அகலப் பலகைகளைக் கீல் வைத்துக் கோர்த்திருப்பார்கள். இரு பக்கத் தண்டவாளத்தில் சிறு சக்கரங்கள் உருள, கதவு மேலே போய் கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். இரண்டு கார் நிற்கும் கராஜ் என்றால் கதவின் அகலம் 16 அடி, உயரம் 7 அடி. எடை எழுபது கிலோவிலிருந்து நூறு கிலோவுக்கு மேல்கூடப் போகும்.

இவ்வளவு எடையையும் மோட்டார் தூக்குவதில்லை. கதவுக்கு மேலே முறுக்கி வைத்த பெரிய ஸ்பிரிங்குகள்தான் தூக்குகின்றன. கிணற்று ஏற்றத்தில் மறுமுனையில் கல் கட்டுவார்களே, அதே தத்துவம்தான். அதனால்தான் அரை குதிரைத்திறன் மோட்டாரே போதுமானதாக இருக்கிறது. மேல்நோக்கித் தூக்கும் கராஜ் கதவை ஜான்சன் என்பவர் 1921ல் செய்தார். 1926ல் அதற்கு மின்சாரத் திறப்பானும் கொண்டுவந்தார். ஆக, இது ஒரு நூற்றாண்டுச் சரக்கு.

மோட்டார் பெட்டி கூரையில் தொங்கும். அதை இயக்க இரண்டு வழிகள். ஒன்று, காரில் இருக்கும் ரிமோட். மற்றது, வீட்டுக்குள் போகும் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் இருக்கும் பொத்தான். அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் பெட்டிக்குப் போகின்றன. அழைப்பு மணிக்குப் போடும் அதே ஒயர்தான். அதில் ஓடுவது குறைந்த வோல்டேஜ். தொட்டால் ஷாக் அடிக்காது.

இதைத் தவிர, கதவின் இரு பக்கமும் தரையை ஒட்டி இரண்டு சிறு பெட்டிகள் எதிரெதிரே இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிரை அனுப்பும். மற்றது வாங்கிக்கொள்ளும். கதவு இறங்கும்போது குறுக்கே குழந்தையோ நாயோ வந்து கதிரை மறைத்தால், கதவு நின்று திரும்ப மேலே போய்விடும். தானியங்கிக் கதவுகளுக்கு அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்த சம்பவங்களுக்குப் பிறகு, 1990ல் அமெரிக்காவில் சட்டம் இயற்றினார்கள். 1993 ஜனவரி 1 முதல் செய்யப்படும் வீட்டுக் கதவுத் திறப்பான்கள் எல்லாவற்றிலும் இத்தகைய பாதுகாப்பு இருந்தாக வேண்டும். இந்தக் கண்களைத் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகாமல் பொருத்த வேண்டும் என்பது விதி. தவழும் குழந்தையும் கதிரில் பட வேண்டும் அல்லவா?

பொத்தான் போனது

நவம்பர் இரண்டாவது வாரத்தில் சுவர் பொத்தான் பேச்சை நிறுத்திக்கொண்டது. அதற்குள்ளே எரியும் சிறு விளக்கும் அணைந்துவிட்டது. ரிமோட்டை அழுத்தினால் கதவு நன்றாகவே ஏறி இறங்கியது.

'ரிமோட்தான் இருக்கிறதே, பிறகென்ன?' என்று கேட்கலாம். ரிமோட் காரில் இருக்கிறது. கார் மகளோடும் மாப்பிள்ளையோடும் காலை எட்டு மணிக்குப் போய்விடுகிறது. பகலில் வீட்டில் இருப்பது நானும் மனைவியும் நான்கு வயதுப் பேரனும். பேரனின் மூன்று சக்கர சைக்கிள் கராஜில். வாரம் ஒரு நாள் தெருவோரத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டிய குப்பைத் தொட்டி கராஜில். கார் ஓட்டத் தெரியாத கிழவனுக்கும் கிழவிக்கும் அந்த ஊரில் இருக்கும் சுதந்திரத்தில் பாதி அந்தப் பொத்தானில் இருக்கிறது.

மாப்பிள்ளை ஒரு கம்பெனிக்குப் போன் செய்தார். ஆள் வந்தார். பொத்தானை நான்கு தடவை அழுத்தினார், அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார். "உள்ளே இருக்கும் போர்டு போய்விட்டது. பழைய மாடல். முழு யூனிட்டையும் மாற்றுவதுதான் நல்லது" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். 475 டாலர். பார்த்துச் சொன்னதற்கு 85 டாலர் தனி. அவர் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கவே இல்லை.

"மாமா, மாத்திடலாமா? பழசுதானே" என்றார் மாப்பிள்ளை.

"மாத்தறதுக்கு முன்னாடி எது போச்சுன்னு தெரிஞ்சுக்கலாம் மாப்பிள்ளை. சனிக்கிழமை எனக்கு ஏணி மட்டும் பிடிங்க" என்றேன்.

"அப்பா, ஏணி எல்லாம் வேண்டாம்" என்று சமையலறையிலிருந்து மகள் குரல் வந்தது. வழக்கம்போல் அது பதிவாகவில்லை.

எது வேலை செய்கிறது என்று முதலில் பார்

சிக்னல் பிரிவில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது இதுதான்: எது வேலை செய்யவில்லை என்று பார்க்குமுன், எது வேலை செய்கிறது என்று பார். கராஜ் கதவுக்கும் அது அப்படியே பொருந்தும்.

ரிமோட்டும் பொத்தானும் இரண்டுமே வேலை செய்யவில்லை என்றால், கூரையில் உள்ள பிளக்கில் கரண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு விளக்கைச் செருகிப் பார்த்தால் போதும். கரண்ட் இருந்தும் ஓடவில்லை என்றால் பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

பொத்தான் வேலை செய்து ரிமோட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், ரிமோட்டின் பேட்டரியைப் பாருங்கள். அதோடு, பல பொத்தான்கள் உள்ள சுவர் பலகைகளில் 'லாக்' என்று ஒன்று இருக்கும். ஊருக்குப் போகும்போது வெளியிலிருந்து ரிமோட்டால் யாரும் திறக்காதிருக்க வைத்த வசதி. பேரப்பிள்ளை அதை அழுத்திவிட்டால் ரிமோட் செத்ததுபோல் இருக்கும். திரும்ப அழுத்திச் சில நொடி பிடித்தால் சரியாகிவிடும்.

கதவு திறக்கிறது, ஆனால் மூடும்போது பாதியில் திரும்பிவிடுகிறது. சுவர் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் மட்டும் மூடுகிறது என்றால், பொத்தானில் குற்றமில்லை. தரையோரக் கண்களில்தான் கோளாறு. இதைப் பலர் பொத்தான் கோளாறு என்று நினைத்து, தினமும் அழுத்திப் பிடித்தே மூடிக்கொண்டிருப்பார்கள். அப்படிப் பிடித்து மூடும்போது கண்கள் பாதுகாப்பதில்லை. அவசரத்துக்கு வைத்த வழி அது. அதுவும் கதவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டியது.

எங்கள் வீட்டு நிலைமை நான்காவது. ரிமோட் வேலை செய்கிறது, பொத்தான் மட்டும் இல்லை. கரண்ட் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, போர்டு உத்தரவை வாங்கி நிறைவேற்றுகிறது என்று அதற்கு அர்த்தம். மிச்சம் மூன்றே இடம்: பொத்தான், ஒயர், பெட்டியில் அந்த ஒயர் வந்து சேரும் முனை. 475 டாலர் கொடுத்துப் பெட்டியை மாற்றியிருந்தாலும், பழைய ஒயரையே அதில் மாட்டியிருந்தால் பொத்தான் அப்படியேதான் இருந்திருக்கும்.

பாதி பாதியாக வெட்டு

புசாவல் யார்டில் இரவு இரண்டு மணிக்கு சிக்னல் பெயிலியர் என்றால், இரண்டு கிலோமீட்டர் கேபிளை அடி அடியாகப் பார்த்துக்கொண்டு போக முடியாது. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கத்திக்கொண்டிருப்பார். நடுவில் உள்ள லொக்கேஷன் பாக்ஸைத் திறந்து மீட்டர் வைப்போம். அங்கே வோல்டேஜ் இருந்தால் கோளாறு முன்னால், இல்லையென்றால் பின்னால். ஒரே அளவில் பாதி வேலை முடிந்தது. மிச்சப் பாதியை மறுபடி இரண்டாக வெட்டுவோம். இங்கேயும் அதைத்தான் செய்தேன்.

முதல் வெட்டு சுவரில். பொத்தானின் இரண்டு திருகுகளைக் கழற்றி அதை வெளியே எடுத்து, பின்னால் உள்ள இரண்டு கம்பிகளையும் விடுவித்தேன். இரண்டு நுனிகளையும் ஒரு நொடி ஒன்றோடொன்று தொட்டேன். பழைய மாடல்களில் பொத்தான் செய்வது அவ்வளவுதான்: இரண்டு கம்பியைச் சேர்த்து விடுவது. கதவு அசைந்திருந்தால் பொத்தான் குற்றவாளி. அசையவில்லை. பொத்தான் விடுதலை.

இரண்டாவது வெட்டு பெட்டியில். ஏணியில் ஏறினேன். பெட்டியின் பின்புறம் சிவப்பு, வெள்ளை, சாம்பல் என்று நிறம் போட்ட சிறு துளைகள். சிவப்பிலும் வெள்ளையிலும் சுவர் ஒயர். வெள்ளையிலும் சாம்பலிலும் கண்களின் ஒயர். சுவர் ஒயரை உருவிவிட்டு, இரண்டு அங்குல ஒயர்த் துண்டால் சிவப்பையும் வெள்ளையையும் ஒரு கணம் தொட்டேன். கதவு கடகடவென்று ஏறியது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஒரு அடி பின்னால் குதித்தார். பெட்டியும் விடுதலை.

மிச்சம் ஒயர் ஒன்றுதான். உறுதிப்படுத்த மல்டிமீட்டர். அது என் பெட்டியில் கருவடாம் பொட்டலத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் எப்போதும் பயணம் செய்யும். சுவர்ப் பக்கத்தில் இரண்டு நுனியையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, பெட்டிப் பக்கத்தில் ஓம் பார்த்தேன். 22 கேஜ் செம்புக் கம்பி 1000 அடிக்குச் சுமார் 16 ஓம் காட்டும். எங்கள் ஒயர் ஏறக்குறைய 30 அடி. போக வர 60 அடி. ஆக, சுமார் 1 ஓம் காட்ட வேண்டும். மீட்டர் முள்ளோ, அசையாத கும்பகர்ணன். எங்கேயோ கம்பி அறுந்திருக்கிறது.

எங்கே அறுந்திருக்கும்? இதற்கும் ஓர் அனுபவப் பாடம் உண்டு. கேபிள் பெரும்பாலும் நடுவில் சாகாது. முனையில், இணைப்பில், வளைவில், ஆணி அடித்த இடத்தில்தான் சாகும். ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். சுவரும் கூரையும் சேரும் மூலையில், ஒயரைப் பிடிக்க அடித்திருந்த இரும்பு ஸ்டேப்பிள் ஒன்று ஒயரை நசுக்கிக் கடித்துக்கொண்டிருந்தது. மேலுறை கிழிந்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. விரலால் நிமிர்த்தியபோது ஒரு கம்பி இரண்டாகவே வந்துவிட்டது. கதவு ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் கூரை லேசாக அதிர்கிறது. எத்தனையோ வருட அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்திருக்கிறது.

கூரையில் இரண்டு காவல்காரர்கள்

விஷயம் இதோடு முடிந்திருந்தால் நான் கட்டுரை எழுதியிருக்க மாட்டேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஏணியில் நின்றபோது, கூரையில் ஒரு மரத்துண்டில் இரண்டு சிறு கறுப்புப் பெட்டிகள் திருகப்பட்டிருப்பதைப் பார்த்தேன். ஒரு சாண் இடைவெளியில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றில் மஞ்சள் விளக்கு, மற்றதில் பச்சை. தரையோரம் இருக்க வேண்டிய கண்கள் அவை!

கீழே இறங்கிக் கதவின் இரு பக்கமும் குனிந்து பார்த்தேன். தண்டவாளத்தில் பழைய திருகுத் துளைகள் இருந்தன. இரண்டு பக்கமும் வெட்டி விட்ட ஒயர் நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. இந்த வீட்டை மகள் வாங்குமுன் இருந்தவர் யாரோ, கண்களைப் பிடுங்கிக் கூரையில் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார். வாசலைக் காக்க வைத்த இரண்டு காவல்காரர்களை மாடி அறையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, "திருடன் வரவில்லை" என்று தினமும் அவர்களிடம் கையெழுத்து வாங்குவது போன்றது இது. கதிர் அறுபடவே அறுபடாது. கதவு எப்போதும் "பாதை காலி" என்று நம்பி இறங்கிக்கொண்டிருக்கும்.

அந்தக் கதவுக்கு அடியில்தான் என் பேரன் சைக்கிள் ஓட்டுகிறான். "தாத்தா, நான் ரயில், நீங்க கேட் போடுங்க" என்று கதவு இறங்கும்போது உள்ளே புகுந்து வருவது அவனுக்குப் பிடித்த விளையாட்டு. வந்த நாளிலிருந்து நான் அதட்டித் தடுத்துவந்தது நல்லதாகப் போயிற்று. கம்பெனி ஆள் எழுதிக் கொடுத்த தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கூரையில் கண்ணுக்கெதிரே தொங்கிய இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

1872ல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் டிராக் சர்க்யூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்திலேயே எப்போதும் சிறு கரண்ட் ஓடி ஒரு ரிலேயைத் தூக்கி வைத்திருக்கும். வண்டி வந்தால் கரண்ட் குறுக்கே போய் ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். ஒயர் அறுந்தாலும், பேட்டரி செத்தாலும் அதே சிவப்புதான். கெட்டுப்போனால் வண்டி நிற்க வேண்டும், ஓடக் கூடாது என்பது எங்கள் வேதம். கராஜ் கண்களும் அதே வேதப்படி செய்யப்பட்டவை. கதிர் வரவில்லை என்றால், காரணம் எதுவானாலும், பொத்தானை ஒரு தடவை தட்டினாலோ ரிமோட்டை அழுத்தினாலோ கதவு மூடாது. அந்தத் தொல்லை பொறுக்காமல்தான் ஆட்கள் அதை ஏமாற்றுகிறார்கள். ரயில்வேயில் ரிலே முனைகளுக்குக் குறுக்கே ஒயர்த் துண்டு போட்டு இன்டர்லாக்கிங்கை ஏமாற்றியவனுக்கு வேலை போகும். வேலை போவது சின்ன விஷயம். வண்டியில் இருப்பவர்கள் உயிர் போகும்.

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "நாங்க வந்து மூணு வருஷம் ஆச்சு மாமா. மேலே என்ன இருக்குன்னு பார்த்ததே இல்லை" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கதவு ஓடிக்கொண்டிருந்தால் யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "பொத்தான் அடுத்த வாரம்கூட ஆகலாம். கண் இன்னைக்கே கீழே வரணும்."

மேற்கு வெயில்

ஹார்டுவேர் கடையில் 100 அடி மணி ஒயர் ஒரு சுருளும், ஒயரை நசுக்காத பிளாஸ்டிக் உறையுள்ள ஸ்டேப்பிள் ஒரு பொட்டலமும் வாங்கினோம். இருபது டாலர்கூட ஆகவில்லை. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்கினோம். கண்களைப் பழைய துளைகளிலேயே, தரையிலிருந்து 5 அங்குலத்தில் பொருத்தினோம். புது ஒயர் இழுத்து, நுனியில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக உறையை உரித்து, வெள்ளையிலும் சாம்பலிலும் மாட்டினோம். பிளக்கைச் செருகியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. வாங்கும் கண்ணின் பச்சை விளக்கு சிமிட்டியது. அதன் தலையைச் சற்றே திருப்பி நேராக்கியதும் நிலையாக நின்றது.

மாலை மூன்றரை மணிக்கு அடுத்த சோதனை வந்தது. ரிமோட்டை அழுத்தினால் கதவு ஒரு அடி இறங்கித் திரும்ப மேலே போயிற்று. பெட்டியின் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. குறுக்கே ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தேன். பச்சை விளக்கு அணைந்திருந்தது. பழைய வீட்டுக்காரர் ஏன் கண்களைக் கூரைக்கு அனுப்பினார் என்பது அந்த நிமிடம் விளங்கியது.

வீட்டின் கராஜ் மேற்குப் பார்த்தது. குளிர்காலத்தில் அந்த ஊரில் சூரியன் தென்மேற்கில், மிகத் தாழ்வாக இறங்குகிறான். வாங்கும் கண் கதவின் வடக்குப் பக்கத்தில் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தது. திறந்த வாசல் வழியாக வந்த சாய்ந்த வெயில் நேரே அதன் முகத்தில் விழுந்தது. வெயில் வெள்ளத்தில் கதிர் அதற்குத் தெரியவில்லை. பாதை அடைபட்டதாக நினைத்துக் கதவைத் திருப்பி அனுப்பியது. தன் கடமையைத்தான் செய்தது.

மருந்து சுலபம். இரண்டு கண்களையும் இடம் மாற்றினோம். அனுப்பும் கண் வடக்கே, வாங்கும் கண் தெற்கே. இப்போது வெயில் அதன் முதுகில். கூடுதல் பாதுகாப்புக்கு ஒரு அட்டைக் குழாயை வெட்டி, கண்ணுக்குப் புருவம்போல் ஒட்டினேன். மறுநாள் அதே மூன்றரை மணிக்கு, பளீரென்ற வெயிலில், கதவு ஒரே மூச்சில் இறங்கியது. பத்து நிமிட வேலையைச் செய்யாமல் ஒரு பாதுகாப்பையே பிடுங்கி எறிந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் சுவர் ஒயர். பழையதை ஒட்டுப்போடாமல் முழுவதையும் புதிதாக இழுத்தேன். மீட்டர் 1.2 ஓம் காட்டியது. பொத்தான் விளக்கு எரிந்தது. பொத்தானைத் தரையிலிருந்து 5 அடிக்குக் குறையாத உயரத்தில், கதவு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் விதி. பேரன் நாற்காலி போட்டு ஏறினால் என்ன செய்வது என்று மனைவி கேட்டாள். அந்தப் பக்கம் நாற்காலியே இருக்கக் கூடாது என்று தீர்ப்பானது.

இரண்டு சோதனைகள்

லொக்கேஷன் பாக்ஸ் ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை தொங்கும். யார், எந்தத் தேதியில் சோதித்தார்கள் என்று கையெழுத்திட வேண்டும். அதேபோல் ஓர் அட்டையைப் பொத்தானுக்கு அடியில் தொங்கவிட்டு வந்தேன். மாதம் ஒரு தடவை இரண்டு சோதனைகள்.

முதலாவது: கதவு இறங்கிக்கொண்டிருக்கும்போது, நாம் உள்ளே தள்ளி நின்றுகொண்டு, துடைப்பக் கட்டையைத் தரையோரக் கதிருக்குக் குறுக்கே நீட்ட வேண்டும். கதவு உடனே திரும்ப வேண்டும்.

இரண்டாவது: வாசலின் நடுவில் ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரப்பலகையைத் தட்டையாக வைத்துக் கதவை மூட வேண்டும். பலகையில் பட்டதும் கதவு திரும்பி மேலே போக வேண்டும். கண்கள் தவறினாலும் காப்பாற்றுகிற இரண்டாவது அரண் இது. இரண்டில் எது தவறினாலும், சரிசெய்யும்வரை பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைக் கையால் இயக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். கதவுக்கு மேலே முறுக்கியிருக்கும் ஸ்பிரிங்கைத் தொடவே கூடாது. அதன் திருகைத் தளர்த்தினால் கம்பி கையை உடைத்துவிடும். அது அதற்கென்று பழகிய ஆளின் வேலை. கரண்ட் போனால் கதவை மோட்டாரிலிருந்து பிரிக்கச் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும். கூடுமானவரை கதவு மூடியிருக்கும்போது மட்டும் அதை இழுங்கள். திறந்திருக்கும்போது இழுத்து, ஸ்பிரிங்கும் உடைந்திருந்தால், கதவு மொத்தமாகக் கீழே விழும்.

நான் செய்ததுபோல் இரண்டு கம்பியைத் தொட்டுப் பார்ப்பது பழைய, எளிய பொத்தான்களுக்குத்தான். புதிய மாடல்களில் சுவர் பலகைக்குள்ளேயே ஒரு சிறு கம்ப்யூட்டர் சில்லு இருந்து, அதே இரண்டு கம்பியில் குறியீடாகச் செய்தி அனுப்புகிறது. அவற்றில் கம்பியைத் தொட்டால் கதவு அசையாமல் போகலாம். அதை வைத்துப் பெட்டி கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அந்த மாடல்களில், பலகையைக் கழற்றிக் கொண்டுபோய் இரண்டடி புது ஒயரால் பெட்டியிலேயே நேராக மாட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் ஒயர்தான் குற்றவாளி. வேலை செய்யாவிட்டால், அந்த மாடலுக்குப் பொருந்தும் பலகையை வாங்கி மாற்றிப் பார்க்கலாம். பெட்டியில் உள்ள சிறு விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்பதற்கும் பொருள் உண்டு. கையேட்டில் அட்டவணை இருக்கும்.

இங்கே நம் நாக்பூரிலும் புதிய குடியிருப்புகளில் மோட்டார் கேட்டுகளும் மோட்டார் ஷட்டர்களும் வந்துவிட்டன. அவற்றிலும் பொத்தான், ஒயர், பெட்டி என்ற மூன்றுதான். கண்கள் பொருத்திய கேட்டுகளில், "சும்மா சும்மா நிற்கிறது சார்" என்று வாட்ச்மேன் அவற்றைத் துணியால் மூடியோ ஒயரால் ஏமாற்றியோ வைத்திருக்கிறாரா என்று உங்கள் கமிட்டிக் கூட்டத்தில் கேளுங்கள். நிற்கிற கேட் ஏதோ சொல்ல வருகிறது. அதன் வாயை அடைப்பதற்கு முன் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

அடுத்த தடவை பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது, பெட்டி படுக்கையை இறக்கிய கையோடு கராஜுக்குப் போய்க் கதவின் இரு பக்கமும் தரையோரம் பாருங்கள். இரண்டு கண்களும் இருக்கின்றனவா? இருந்தால் துடைப்பத்தை நீட்டிக் கதவு திரும்புகிறதா என்று பாருங்கள். அதற்கு டிப்ளமா தேவையில்லை. துடைப்பம் அந்த ஊரிலும் கிடைக்கிறது.